வரைபடமா, ஓவியமா? குவோ ஃபெங்யியின் தாள்களும் ச்சிகோங்கின் காலமும்

சீனாவின் ஷியான் நகரில் ரப்பர் ஆலை ஒன்றில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர் குவோ ஃபெங்யி. 1942இல் அதே நகரில் பிறந்தவர். கடும் மூட்டுவாதத்தால் 39ஆம் வயதிலேயே வேலையிலிருந்து ஓய்வுபெற நேர்ந்தது. வலியைத் தணிக்க ச்சிகோங் பயிற்சியை மேற்கொண்டார். பயிற்சியின்போது தமக்குப் புலப்பட்டவற்றை 1989 முதல் தாளில் வரையலானார். 2010இல் மறைந்தார். அதே ஆண்டில் தென்கொரியாவின் குவாங்ஜு பியனாலேயிலும், 2013இல் வெனிஸ் பியனாலேயிலும் அவருடைய தாள்கள் இடம்பெற்றன. இன்று உலக அருங்காட்சியகங்கள் அவரை அறிமுகம் செய்யும்போது இரண்டு தொடர்களைத் தவறாமல் பயன்படுத்துகின்றன: ‘தாமே கற்ற கலைஞர்’, ‘தியான அனுபவத்தை வரைந்தவர்’.

இரண்டும் பொய்யல்ல. எனினும் இரண்டும் சேர்ந்து அவரைக் காலத்திலிருந்து கழற்றிவிடுகின்றன. யாரிடமும் கற்காதவர், எந்த வரலாற்றிலும் நில்லாதவர், தம் அகத்துக்குள் மட்டுமே பார்த்தவர் என்றொரு பிம்பம் எழுகிறது. குவோவின் வரைவுகளுக்கோ மிகத் துல்லியமான வரலாற்று முகவரி உண்டு. அவர் வரையத் தொடங்கிய ஆண்டு, கையாண்ட சொற்கள், பயன்படுத்திய தாள், பிற்காலத்தில் கலை உலகம் அவரைக் கண்டடைந்த தருணம் ஆகிய ஒவ்வொன்றும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிச் சீனத்தின் ஒரு பெரிய கதையோடு பிணைந்தவை.

அவருடைய ஆரம்பகாலத் தாளொன்றின் தலைப்பிலிருந்து தொடங்கலாம்: ‘மனித நரம்பு மண்டல வரைபடம்’. கலைப்படைப்புக்கு இடும் பெயராக இது ஒலிக்கவில்லை. பள்ளிச் சுவரில் தொங்கும் அட்டையின் பெயராக ஒலிக்கிறது. சீன மொழியில் இத்தகைய படத்தைக் குறிக்கும் சொல் ‘தூ’. ஓவியத்துக்கு வழங்கும் சொல் ‘ஹுவா’. இரண்டின் எல்லைகளும் சில இடங்களில் கலப்பதுண்டு. நிலக்காட்சி ஓவியங்களின் பெயரிலும் ‘தூ’ வருவதைக் காணலாம். ஆயினும் நில வரைபடம், மனைத் திட்டம், மருத்துவப் படம், அறுகோட்டுருவின் விளக்கப் படம் எல்லாம் ‘தூ’ என்ற சொல்லின் இயல்பான ஆட்சிக்குள் வருவன. சீன அறிவியல் வரலாற்றை ஆய்வோர் இச்சொல்லை விளக்கும்போது, ‘தூ’ என்பது பார்த்து மகிழ்வதற்கானது என்பதைவிட, பார்த்துச் செயல்படுவதற்கானது என்பதை வலியுறுத்துகின்றனர். தமிழில் ‘வரைபடம்’, ‘ஓவியம்’ ஆகிய இரு சொற்களுக்கிடையே உள்ள இடைவெளி இங்கே பெரிதும் பயன்படும். குவோ தாம் வரைந்ததன் நோக்கத்தைச் சொன்ன விதமும் இதையே உணர்த்துகிறது: அறிந்ததைக் காட்டுவதற்காக அவர் வரையவில்லை, அறியாததை அறிந்துகொள்வதற்கான வழியாகவே வரைதலைக் கருதினார்.

உடலுக்குள் நிகழ்வதைப் படமாக்கிப் பயிலும் மரபு சீனத்தில் மிகப் பழையது. ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகருக்கருகே மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973இல் அகழப்பட்டது. அதில் கிடைத்த பட்டுத்துணி ஒன்றில் 44 மனித உருவங்கள் வெவ்வேறு உடற்பயிற்சி நிலைகளில் தீட்டப்பட்டிருந்தன. ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. சில உருவங்களின் அருகே அந்நிலை எந்த நோய்க்குரியது என்ற குறிப்பும் உண்டு. முழங்கால் வலிக்கான நிலையும் அவற்றுள் ஒன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்குப்பின் மூட்டுவலிக்காக ச்சிகோங் பயின்ற ஆலைப் பணியாளரை அந்தப் பட்டுத்துணியோடு நேர்க்கோட்டில் இணைப்பது மிகையாகும். ஆனால் உருவம், அதன் அருகே எழுத்துக் குறிப்பு, இரண்டுக்கும் பின்னால் தீரவேண்டிய நோய் என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றே.

பெய்ஜிங்கின் வெண்முகில் கோயிலில் 1886இல் பொறிக்கப்பட்ட ‘நெய்ஜிங் தூ’ என்னும் கற்பலகை இன்னும் நெருக்கமான உறவினர். அரண்மனை அலியாகவும் தாவோ நெறியினராகவும் இருந்த லியு செங்யின் அதனைப் பொறிக்கச் செய்தார். பக்கவாட்டில் நோக்கிய மனித உடல் அதில் முழுக்க நிலக்காட்சியாக மாறியிருக்கிறது. தலை மலைச்சிகரங்களாகிறது. முதுகெலும்பு மேல்நோக்கி ஏறும் நீரோடையாகிறது. அடிவயிற்றில் எருது ஏர் உழுகிறது. முதுகெலும்பின் அடியில் குழந்தைகள் நீர்ச்சக்கரத்தை மிதித்து நீரை மேலே செலுத்துகின்றனர். சிறுநீரகத்தின் இடத்தில் ஒரு பெண் நூல் நூற்கிறாள். கல்லில் பொறித்ததற்குக் காரணம் உண்டு: தாளை ஒற்றிப் படியெடுத்து, பயில்வோர் கையில் கொண்டுசெல்ல வேண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக அதை யாரும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் வேலை பயிற்சிக்கு வழிகாட்டுவதே.

இவ்வளவு பழைய மரபுடன் தொடர்புடைய ‘ச்சிகோங்’ என்ற சொல்லோ, இன்று வழங்கும் பொருளில், மிகப் புதியது. ‘ச்சி’ என்பது மூச்சு, காற்று, ஆவி, உயிராற்றல் எனப் பல பொருள்பட்ட தொல்சொல். அதை நாம் ‘பிராணன்’ என்று எளிதாக மொழிபெயர்த்துவிடுகிறோம். சமையற்பானையிலிருந்து எழும் ஆவிக்கும் கோபத்துக்கும் வானிலைக்கும் அதே சொல் வருவதை அம்மொழிபெயர்ப்பு மறைத்துவிடும். ‘கோங்’ என்பது உழைத்துப் பெற்ற திறன். இவ்விரண்டையும் இணைத்துப் பலவகைப்பட்ட மூச்சுப் பயிற்சிகளுக்கும் பொதுப்பெயராக்கியவர்கள் துறவிகள் அல்லர். வடக்குச் சீனத்தின் ஹெபெய் பகுதியில் பணியாற்றிய பொதுவுடைமைக் கட்சி ஊழியர்கள். லியு குய்ஜென் என்ற ஊழியர் தம் நோயைப் பழைய பயிற்சி முறையொன்றால் குணப்படுத்திக்கொண்டார். மருத்துவர்கள் அரிதாயிருந்த காலத்தில் செலவில்லாச் சிகிச்சையின் பயனைக் கட்சி உணர்ந்தது. சமயச் சாயல் கொண்ட பழைய பெயர்கள் ஒதுக்கப்பட்டன. 1949இல் ‘ச்சிகோங்’ என்ற பொதுப்பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1950களில் தாங்ஷானிலும் பெய்தைஹே கடற்கரையிலும் ச்சிகோங் சிகிச்சை நிலையங்கள் அரசு ஆதரவுடன் இயங்கின. டேவிட் பால்மர் என்ற மானுடவியலாளர் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தொன்மையின் குரலாக ஒலிக்கும் ஒரு சொல் உண்மையில் நிர்வாகக் கூட்டத்தில் பிறந்தது என்பது மொழி வரலாற்றில் அரிதல்ல. எனினும் இவ்வளவு தெளிவாகப் பிறப்பிடம் தெரிந்த எடுத்துக்காட்டு குறைவே.

பண்பாட்டுப் புரட்சிக்காலத்தில் ச்சிகோங் ‘மூடநம்பிக்கை’ ஆயிற்று. ‘மீஷின்’ என்ற அச்சொல்லும் பழஞ்சீனத்தின் பொருளில் வந்ததன்று. சமயம், அறிவியல், மூடநம்பிக்கை என்று உலகைப் பிரிக்கும் நவீன வகைப்பாட்டோடு ஜப்பான் வழியாக நுழைந்தது. சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டன, லியு பதவியிழந்தார். அதன்பின் இப்பயிற்சியை மீட்டு மக்களிடம் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் குவோ லின் என்ற பெண். புற்றுநோயிலிருந்து மீள உழைத்த அவர், 1970களின் தொடக்கத்தில் பெய்ஜிங் பூங்காக்களில் நடைப்பயிற்சியோடு இணைந்த ஒரு முறையைக் கூட்டமாகக் கற்பித்தார். நிறுவனத்தின் சுவர்களுக்குள் இருந்த பயிற்சி பூங்காவுக்கு வந்தது அப்போதுதான். குவோ லின் தொழில்முறையில் ஓவியர் என்பது இங்கே குறிப்பிடத்தக்க ஒரு தற்செயல். அவர் ஓவியத்திலிருந்து ச்சிகோங்குக்குச் சென்றார். குவோ ஃபெங்யி ச்சிகோங்கிலிருந்து வரைதலுக்கு வந்தார். குடும்பப்பெயர் ஒன்றாயினும் இருவருக்கும் உறவில்லை.

1979க்குப்பின் நிகழ்ந்ததைச் சீனர்கள் ‘ச்சிகோங் காய்ச்சல்’ என்றே அழைத்தனர். அவ்வாண்டு மார்ச்சில் சிச்சுவான் நாளிதழ், காதால் எழுத்துகளைப் ‘படிக்கும்’ தாங் யூ என்ற சிறுவனைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. நாடெங்கும் அத்தகைய சிறுவர்கள் ‘கண்டறிய’ப்பட்டனர். சூழ்ச்சி என்று கண்டித்தோர் இருந்தனர். ஆதரித்தோர் அதைவிட வலுவானவர்கள். அவர்களுள் தலையாயவர் சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை எனப்படும் ச்சியென் ஷுவெசென். அமெரிக்காவில் பயின்று, 1954இல் ‘பொறியியல் சைபர்னெட்டிக்ஸ்’ நூலை வெளியிட்டு, 1955இல் நாடு திரும்பியவர். ‘மனித உடல் அறிவியல்’ என்ற புதுத்துறையை அவர் முன்மொழிந்தார். ச்சிகோங்கும் அசாதாரண ஆற்றல்களும் ஆய்வுக்குரியவை என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய மதிப்பு, ஐயங்கொண்டோரின் வாயை நீண்டகாலம் அடைத்தது.

இக்காலத்துச் சொற்களஞ்சியம் தனியே கவனிக்கத்தக்கது. ‘ச்சி’ என்பதை விளக்க ‘ஷின்ஷி’, அதாவது ‘தகவல்’, என்ற சொல் பெருவழக்காயிற்று. ஆசான் அனுப்புவது தகவல், உடல் பெறுவதும் தகவல், நோய் என்பது தவறான தகவல். நரம்பு, புலம், அலை, தகவல் ஆகிய சொற்கள் தாவோ நெறியின் பழைய சொற்களோடு ஒரே வாக்கியத்தில் கூச்சமின்றி உட்கார்ந்தன. தொலைவிலிருப்பதையும் மறைந்திருப்பதையும் காணும் ஆற்றலுக்கு ‘யாவ்ஷி’, தொலைநோக்கல், என்று பெயர். ஆசான்கள் எழுதிய எழுத்துகளும் தீட்டிய படங்களும் ‘தகவல்’ ஏற்றப்பட்டவை என்று கருதப்பட்டு நோயாளிகளால் வீட்டில் மாட்டப்பட்டன. பயிற்சியின்போது உடல் தானே அசைவதும், அழுகையோ சிரிப்போ பீறிடுவதும், காட்சிகள் தோன்றுவதும் ‘தன்னியல்பு’ நிகழ்வுகளாக வரவேற்கப்பட்டன. பறக்கும் நாரை என்ற பயிற்சி முறை இவ்வகையில் புகழ்பெற்றது. பயின்றோர் தொகை கோடிக்கணக்கில் மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் ஓய்வுபெற்ற நகர்ப்புறத் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், மிகுதி. ஆலைகள் தந்துவந்த மருத்துவப் பாதுகாப்பு சீர்திருத்தக் காலத்தில் தளர்ந்துகொண்டிருந்தது. பூங்காவில் பயிலக் கட்டணமில்லை.

நோயால் ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர் குவோ ஃபெங்யி 1989இல் நிற்கும் இடம் இதுவே. ‘மனித நரம்பு மண்டல வரைபடம்’ என்ற தலைப்பு அக்காலத்து வாசகருக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை. அவர் பயின்றது ஓவியப்பள்ளியில் அல்ல என்பது உண்மை. ஆனால் அவர் கல்லாதவரும் அல்லர். ச்சிகோங்கோடு சீன மெய்யியலையும் மறைஞானக் கோட்பாடுகளையும் முறையாகப் படித்தவர். பெரும் இயக்கமொன்று தன் சொற்பொழிவுகளாலும் மலிவுநூல்களாலும் பூங்காக் கூடுகைகளாலும் அளித்த கல்வியே அவர் பெற்ற கல்வி. அதைக் கல்வியாக எண்ண மறுப்பவர்களே அவரைத் ‘தாமே கற்றவர்’ என்கின்றனர்.

தொடக்கத்தில் அவர் கையாண்டது பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறம். உடலின் ஆற்றல்வழிகளும் புள்ளிகளும் அவற்றில் தெரியும். கையெழுத்துக் குறிப்புகளும் உண்டு. பின்னர் சீன வரைதாள் சுருள்களுக்கு மாறினார். அகலம் குறைந்து நீளம் கூடிய சுருள்கள். சில ஐந்து மீட்டரைத் தாண்டுவன. கோடுகள் மிக மெல்லியவை. ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழைகளைப் போலவும் நீர்ச்சுழிகளைப் போலவும் படிந்து, அவற்றின் அடர்த்தியிலிருந்து மெல்ல ஒரு முகம் வெளிப்படும். மேல்நுனியில் ஒரு தலையும் கீழ்நுனியில் மற்றொன்றும் இருக்கும். உடலின் நடுவில் மூன்றாவது முகம் விழித்துப் பார்க்கும். எது உறுப்பு, எது ஆடை, எது ஒளி என்று பிரிக்க இயலாது. முன்திட்டம் இல்லை. ஐந்து மீட்டர்ச் சுருளை வரைபவர் அதனை ஒரே பார்வையில் காண்பதில்லை. பகுதி பகுதியாகவே அது வளர்கிறது. முழுவுருவம் வரைந்தவருக்கே கடைசியில்தான் தெரியவரும். ‘அறிவதற்காக வரைதல்’ என்பது இங்கே வெறும் கொள்கை விளக்கமாக நிற்கவில்லை. கைவேலையின் ஒழுங்கிலேயே பொதிந்திருக்கிறது.

கருப்பொருள்களின் பரப்பும் இதனோடு இயையும். ஃபூஷி, மஞ்சள் பேரரசர் போன்ற தொன்மத் தலைவர்கள் வருகின்றனர். ஷியானைச் சுற்றியுள்ள பேரரசர்களின் கல்லறைகள் வருகின்றன. அமெரிக்காவின் விடுதலைச் சிலையும் வருகிறது. இவற்றைக் கற்பனைக் கலவை என்று வியப்பவர்கள் ‘யாவ்ஷி’ என்ற சொல்லை மறந்தவர்கள். ச்சின் முதற்பேரரசரின் சுடுமண் படை 1974இல் கிணறு தோண்டிய உழவர்களால் ஷியானுக்கு அருகே வெளிப்பட்டது; பேரரசரின் கல்லறை மேடு மட்டும் இன்றுவரை அகழப்படவில்லை. அந்நகரத்தவர் ஒவ்வொருவரும் உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருப்பர். திறவாத கல்லறையும், காணாத நாட்டுச் சிலையும், தன் உடலின் உட்புறமும் தொலைநோக்கலின் தருக்கத்தில் ஒரே வகையானவை: கண்ணுக்கு மறைந்தவை, பயிற்சிக்குப் புலப்படக்கூடியவை.

‘தாமே கற்றவர்’ என்ற தொடருக்கு ஷான்ஷி மாகாணத்தில், அதாவது குவோவின் சொந்த மண்ணில், வேறொரு வரலாறும் உண்டு. ஷியானுக்கு அருகிலுள்ள ஹுஷியன் வட்டத்தின் உழவர் ஓவியங்கள் 1973இல் பெய்ஜிங்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1975இல் பாரிஸ் பியனாலே வரை சென்றன. பயிற்சியற்ற உழவர்களின் இயல்பான படைப்பாற்றல் என்று அரசு அவற்றை முன்னிறுத்தியது. தொழில்முறை ஓவியர்கள் அவர்களுக்குப் பயிற்றுவித்தது பின்னாளில் வெளிச்சத்துக்கு வந்தது. அதே மாகாணத்தின் ஷுன்யி வட்டத்தைச் சேர்ந்த கூ ஷுலான் இன்னொரு வகை. 1985இல் மேட்டிலிருந்து விழுந்து நெடுநாள் நினைவிழந்து மீண்ட அவர், தம்மைத் தாள்வெட்டுத் தெய்வமாகவே அறிவித்து, வண்ணத் தாள்களால் சுவர்நிறைந்த உருவங்களை ஆக்கினார். நாட்டார் கலை என்ற வகைமை அவரை ஏற்றுக்கொண்டது. உழவர்க்கு ஓர் அறை, நாட்டார் கலைஞர்க்கு ஓர் அறை என்றிருந்த அந்த வீட்டில், நகரத்து ரப்பர் ஆலைப் பணியாளருக்கென்று அறை எதுவும் இல்லை. மேற்கின் ‘ஆர்ட் ப்ரூட்’ என்ற கருத்து பின்னர் அதை அளித்தது. அதன் சீன மொழிபெயர்ப்பு ‘யுவான்ஷெங்’ கலை: மூலத்தில் பிறந்தது, இயல்பாய் முளைத்தது என்று பொருள்படும். ப்ரூட் என்ற பிரெஞ்சுச் சொல்லில் உள்ள கரடுமுரடு போய், ஒரு தூய்மை ஏறிவிட்டது. தகவல் கோட்பாடும் நாளிதழ்ச் செய்தியும் நரம்பு மண்டலமும் கலந்த ஒரு பெண்ணின் உலகத்துக்கு அத்தூய்மை பொருந்தவே இல்லை.

1999 ஏப்ரல் 25 அன்று ஃபாலுன் கோங் இயக்கத்தினர் பல்லாயிரவர் பெய்ஜிங்கில் ஆட்சித் தலைமையகமான சோங்நான்ஹாயைச் சுற்றி அமைதியாகக் கூடினர். ஜூலையில் அவ்வியக்கம் தடைசெய்யப்பட்டது, ஒடுக்குமுறை தொடர்ந்தது. அதனோடு தொடர்பற்ற பெரிய ச்சிகோங் அமைப்புகளும் கலைக்கப்பட்டன. ‘மனித உடல் அறிவியல்’ பொதுவெளியிலிருந்து மறைந்தது. எஞ்சியதை அரசின் விளையாட்டுத் துறை எடுத்துக்கொண்டு, 2003இல் நான்கு ‘உடல்நல ச்சிகோங்’ வரிசைகளை வெளியிட்டது: அசைவுகள் எண்ணப்பட்டவை, காட்சிகளுக்கு இடமில்லாதவை.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட 2002இல்தான் கலை உலகம் குவோ ஃபெங்யியைக் கண்டது. லூ ஜியேயும் ச்சியு ஜிஜியேயும் முன்னெடுத்த ‘நெடும்பயணத் திட்டம்’, 1934–35இல் செம்படை நடந்த வழியைப் பின்பற்றி, வழியெங்கும் கலைக் காட்சிகளை நிகழ்த்தியது. தாய்வழிச் சமூகமான மோசுவோ மக்கள் வாழும் லூகு ஏரிக்கரையில் அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் ஜூடி சிகாகோ பங்கேற்றார். குவோவும் அங்கே அழைக்கப்பட்டு, வரைந்தார். புரட்சியின் பாதையை மீண்டும் நடந்தவர்கள், புரட்சி ‘மூடநம்பிக்கை’ என்று தள்ளியதைக் கலையாக ஏந்திவந்தனர் என்பதில் உள்ள முரண் அத்திட்டத்தினருக்குத் தெரியாததல்ல. அவர்கள் தேடியதும் அதுவே.

இந்தக் கால ஒழுங்கு தற்செயலானதாகத் தோன்றவில்லை. 1989இல் அத்தாள்களுக்குப் பொருள் தர ஒரு பெரும் சமூகம் இருந்தது. மருத்துவப் பதிவாகவோ, பயிற்சி அனுபவமாகவோ, ‘தகவல்’ ஏற்றிய பொருளாகவோ அவை அங்கே வாசிக்கப்பட்டிருக்கும். பத்தாண்டுகளில் அச்சமூகம் சிதறியது. அதன் மொழி பேசத்தகாததாயிற்று. வாசிக்கும் மொழி அழிந்த பின்னரே அவை ‘வாசிக்க இயலாத, வியக்கத்தக்க’ ஓவியங்களாயின. கலை என்ற சொல் அவற்றுக்கு அடைக்கலம் அளித்தது என்பதை மறுக்க முடியாது. காட்சிக்கூடம் இல்லையெனில் இச்சுருள்கள் இன்று நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே ஐயம். ஆனால் அடைக்கலத்துக்கு ஒரு விலையும் இருந்தது: குணமடைதல் என்ற கேள்வி விலக்கப்பட்டது. அந்தக் கோடுகள் வலியைத் தணித்தனவா, எந்தப் புள்ளியில், எந்த வேளையில் என்பது வரைந்தவருக்கு முதற்கேள்வி. விமரிசகருக்கு அது வாழ்க்கைக்குறிப்பின் ஒரு வரி.

ஹில்மா ஆஃப் கிளிண்ட், ஸ்விட்சர்லாந்தின் எம்மா குன்ஸ் ஆகியோருடன் குவோவை வைத்துப் பார்ப்பது இப்போது வழக்கமாகியுள்ளது. குன்ஸ் ஊசல்கொண்டு வரைந்தவர், சிகிச்சையாளர். ஒப்பீட்டில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்வரிசையில் சேர்ந்ததும் குவோ ஐரோப்பிய அருவக்கலையின் தாமதமான உறவினராகிவிடுகிறார். கூ ஷுலானோடும் குவோ லினோடும் வெண்முகில் கோயிலின் கற்பலகையோடும் அவரை வைக்கும் ஒரு காட்சி வேறு கேள்விகளை எழுப்பும். மொழியியல், மருத்துவ வரலாற்று மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு: தாள்களின் மீதுள்ள கையெழுத்துக் குறிப்புகளை அலங்காரமாகப் பாராமல் பனுவலாக வாசிக்க வேண்டும். 1980களின் தகவல் மொழியும் தாவோ மொழியும் ஒரு தனிமனிதர் கையில் எவ்வாறு கலந்தன என்பதற்கு அதைவிட நேரடியான சான்று அரிது.

நியூயார்க்கின் டிராயிங் சென்டர் 2020 பிப்ரவரியில் அவருக்கென ஒரு தனிக்காட்சியைத் திறந்தது. ‘தொலைவிலிருந்து காணுதல்’ என்பது அதன் தலைப்பு. ‘யாவ்ஷி’யை அறிந்தவருக்கு அது உடனே புலப்படும். அடுத்த மாதமே கொள்ளைநோயால் அந்நகரின் காட்சிக்கூடங்கள் யாவும் மூடப்பட்டன. ஐந்து மீட்டர்ச் சுருள்கள் ஆளில்லாத அறையில் தொங்கின. பார்க்க விரும்பியோர் அவற்றைத் தத்தம் வீட்டிலிருந்து, திரையில், பகுதி பகுதியாகப் பார்த்தனர்.